மனு அம்மாவுக்கு ஒரு மனு

எனுக்கு வாய் ஜாஸ்தி. இந்த ரோட்டுல யார வேணா கேட்டுப் பாருங்க. கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசு எதுருல அம்சவள்ளி ஜெராக்ஸ் எதுன்னு கேட்டா கடையக் காட்டுவாங்க, கூடவே "பாத்துப் பேசுங்க"ன்னு சொல்லியும் அனுப்புவாங்க. அப்பிடிப்பட்ட நானே ஒரு திங்கக்கெழம வாய் ஒலந்து, ஒரு மரத்தடியில உக்காந்திருந்தன். அத்தச் சொல்லணும்னா மொதல்ல அருள்மொழியச் சொல்லணும்.

அருள்மொழி திருநங்கை. பொறந்த ஊரு வடக்கனந்தல். அப்பா சின்னக்கண்ணு கரும்பு வெட்டப் போறவரு, அம்மா தைலம்மாள் நடவுக்குப் போனவங்க. காலேஜு படிச்சிகினு இருந்தப்பவே இவ புடவ கட்டினா. அப்பா வூட்ட வுட்டுத் தொரத்திட்டாரு. சின்னசேலத்துல ராதிகான்னு ஒரு மூத்த திருநங்க இருக்காங்க, அவங்ககிட்ட போயி சேந்தா. படிச்ச புள்ளன்னு யாரு வேல குடுத்தாங்க? கடை கேக்கத்தான் போனா. கடை கேக்கறதுன்னா கடை கடையா ஏறி, கையத் தட்டி, குடுக்கறத வாங்கிகினு எறங்கறது.

அப்பிடி என் கடைக்கும் வந்தா. மாவட்டம் பிரிச்ச புதுசு அது. காலங்காத்தால வந்துட்டாளேன்னு எனுக்குக் கோவம். வாசல் தெளிக்க வச்சிருந்த தண்ணிய அவ காலு மேலியே ஊத்தினன். இத்தச் சொல்ல இப்ப வெக்கமாதான் இருக்குது, ஆனா நடந்தது நடந்ததுதான். அந்த நேரம் கல்வராயன் மலையிலருந்து வந்த ஒரு பொம்பள, மனுவ ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்துட்டு நின்னுகினு இருந்துது. அருள்மொழி ஈரக் காலோட அந்தத் தாள எட்டிப் பாத்தா. "யம்மா, இதுல எந்த எடம், யாரு அனுபவிக்கிறது, ஒண்ணுமே இல்லியே. இத்தக் குடுத்து இன்னா ஆவும்?"னு கேட்டா. கேட்டதோட வுடல, என் கடப் படியிலியே உக்காந்து வேற எழுதிக் குடுத்துட்டுப் போனா.

ஒரு மாசம் கழிச்சி அதே பொம்பள இன்னும் நாலு பேரக் கூட்டிகினு வந்துது. எடத்த அளக்க ஆளு வந்தாங்களாம். "மனு எழுதின அம்மா எங்க?"ன்னு என்னியக் கேக்குது. நான் இன்னா சொல்றது? கடையச் சாத்திட்டு பஸ் ஸ்டாண்டு பூரா தேடி, ஒரு பழக்கட முன்னால கையத் தட்டிகினு இருந்தவளக் கையோட கூட்டியாந்தன். எங்கூட்டுல சும்மா கெடந்த தையல் மிசின் பலகைய எடுத்துக் குடுத்தன். அன்னிலருந்து அவளுக்கு மனு அம்மான்னு பேரு.

அவ வேல செய்யறதப் பாக்கணும் நீங்க. வந்தவங்க ஆடு செத்தது, மருமவன் குடிக்கிறது, மழ பெய்யாததுன்னு எங்கெங்கியோ சுத்துவாங்க. இவ பேனாவத் தொடவே மாட்டா. எல்லாத்தையும் கொட்டினப்புறம், கடைசியா வாயில வர்ற ஒரு விசயம் இருக்குது பாருங்க, அதுக்குத்தான் மனு. ஒரே பக்கத்துல எழுதிடுவா. எழுதி முடிச்சி சத்தமாப் படிச்சிக் காட்டுவா. வுட்டது எதுனா இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் கைநாட்டு வெக்க வுடுவா. இது ஒரு நாளும் தப்பாது.

ஆபீசு மதிலோரம் புங்கமரத்தடியில மனு எழுதறவங்க ஒம்பது பேரு. அவங்களுக்குப் பெரியவரு ராஜாங்கம். தாலுக்கா ஆபீசு காலத்துலருந்து நாப்பது வருசமா எழுதற மனுசன். இவளுக்கு எடம் குடுக்கவே ஆறு மாசம் இழுத்தாரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டன், ஆனா கட்டுன்னா கட்டுதான் அவருக்கு. அந்த மரத்தடிக்கு ரெண்டு கட்டு, எழுதாத சட்டம் மாதிரி. ஒண்ணு, எழுதறவங்க தன்னோட மனுவத் தன் கையால எழுதக் கூடாது. எழுதினா வெளங்காதாம். ராஜாங்கத்தோட பட்டா மனுவையே அருள்மொழிதான் எழுதினா. இன்னொண்ணு, திங்கக்கெழம எடம் காலியா இருக்கக் கூடாது. திங்கக்கெழமதான் கலெக்டர் மனு வாங்கற நாளு. அன்னிக்கி வரலன்னா பதிலுக்கு ஆளு உக்காரணும். உக்காந்தா மட்டும் போதாது, அந்தப் பலகையில ஒரு மனுவாவது எழுதணும். இல்லன்னா எடம் அடுத்த ஆளுக்கு. தன் மவ கல்யாணத்துக்கே ராஜாங்கம் மச்சான உக்கார வச்சிட்டுத்தான் போனாரு. அடுத்த ஆளு யாருன்னு கேக்கறீங்களா? சுபாஷுன்னு ஒருத்தன், டைப்பு படிச்சவன், இந்த எடத்துக்குன்னே மாசக்கணக்கா மரத்தச் சுத்திகினு இருந்தான்.

இப்ப பேரணிக்கு வரன். ரெண்டாயிரத்து இருபத்தி மூணு. திருநங்கைங்களுக்குத் தனியா இட ஒதுக்கீடு வேணும்னு ஊருக்கு ஊரு போராடிகினு இருந்த நேரம். எனுக்கு மொதல்ல தலையும் புரியல, வாலும் புரியல. அருள்மொழிதான் சொன்னா. சேலம் பஸ்ஸா இருந்தாலும் சரி, விழுப்புரம் பஸ்ஸா இருந்தாலும் சரி, எல்லா பஸ்ஸுலயும் பொம்பளைங்களுக்குன்னு சீட்டு இருக்குதில்ல? அந்த மாதிரி அவங்கவங்க பொறந்த சாதிப் பட்டியல்லியே திருநங்கைக்குன்னு ஒரு சீட்டு குடுங்க, எல்லாரையும் ஒரே பஸ்ஸுல அடைக்காதீங்கன்னு கேக்கறாங்களாம். அவளும் கவர்மெண்டு பரீட்ச ரெண்டு தடவ எழுதி, ரெண்டு தடவையும் எந்தப் பட்டியலுங்கற பேஜாருலியே நின்னு போனவ.

ராதிகா பேரணிக்கு நாளு குறிச்சாங்க. திங்கக்கெழம. கலெக்டர் கட்டாயம் இருப்பாரு, மனுவ நேருல குடுக்கலாம்னு கணக்கு. தங்கூட்டத்துல ஒருத்திக்கு அதுதான் பொழப்பு நாளுன்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. அதுவும் கலெக்டர்கிட்ட பேசறதுக்கே இவளத்தான் நம்பிகினு இருந்தாங்க.

அருள்மொழி ஒரு வாரம் சரியா சாப்புடல. தேதிய மாத்தச் சொல்லுடின்னு திட்டினன். போலீசுல பர்மிசன் வாங்கியாச்சின்னு சொன்னா. அப்ப போவாதன்னு சொன்னன். அப்பறம் பலகைய என் கடையில வெக்க வந்தப்ப மெதுவாச் சொன்னா:

"எடம் போச்சின்னா மறுபடியும் கையத் தட்டணும்கா. என்னால முடியாதுக்கா."

நான் வாயத் தொறந்தாலே வம்புதான். "நீ போடி, நான் உக்காந்துக்கறன்"னு சொல்லிட்டன். எட்டாவது படிச்சவ நான். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். சொல்லிட்டு ராத்திரி பூரா எனுக்குத்தான் தூக்கம் இல்ல.

ஞாயித்துக்கெழம பேரணி மனுவ ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டாந்தா. நாலு பக்கம், அச்சடிச்ச மாதிரி எழுத்து. கடைசியில பேருங்க, அப்பா பேரு, ஊரு, கையெழுத்து. அறுவத்தொரு பேரு. ராதிகா பேரு மொதல்ல. ரெண்டு தடவ தேடினன், இவ பேரு இல்ல.

"உம்பேரு எங்கடி?"

"எழுதறவ தன்னத் தானே எழுதக் கூடாதுக்கா. மரத்துக் கட்டு"ன்னா.

நானும் நம்பிட்டன்.

விடிஞ்சிது திங்கக்கெழம. எங்கூட்டுக்காரரு சின்னராசு கடையப் பாத்துக்கறன்னு சொன்னாரு, சிரிச்சிகினே சொன்னாரு. நான் பலகையத் தூக்கிகினு போயி மரத்தடியில உக்காந்தன். ராஜாங்கம் மூக்குக்கண்ணாடி மேல ஒரு பார்வ பாத்தாரு. ஒரு மனுவாவது எழுதிடும்மான்னு மட்டும் சொன்னாரு. சுபாஷு மதிலு மேல சாஞ்சிகினு நின்னான்.

மலை பஸ்ஸு வந்துது. ஜனங்க நேரா எங்கிட்டதான் வந்தாங்க. மூஞ்சியப் பாத்துட்டு, மனு அம்மா இல்லியான்னு கேட்டாங்க. இன்னிக்கி நான்தான், சொல்லுங்கன்னன். ஒருத்தர ஒருத்தரு பாத்துகினாங்க. மனு அம்மா வர்ற வரிக்கும் இருக்கறோம்னு சொல்லிட்டு, எதுருலியே வரிசையா குந்திட்டாங்க. எத்தினி கெஞ்சினாலும் ஏந்துக்கல. பன்னெண்டு மணிக்கு மேல மனு வாங்க மாட்டாங்க. மணி பத்து, பத்தர, பதினொண்ணு. என் பலகையில வெள்ளத்தாளு அப்பிடியே கெடந்துது. அவ மூணு வருசம் ஒழச்சி ஒக்காந்த எடம், என் வாயால போவப் போவுதேன்னு அழுவ வந்துது.

அப்பதான் பேரணி சத்தம் கேட்டுது. அறுவது சொச்சம் பேருதான், ஆனா ரோட்டையே நெறச்சிகினு வந்தாங்க. முன்னால பேனரு. பேனரோட ஒரு முனைய அருள்மொழி புடிச்சிகினு இருந்தா. தல நிமிரவே இல்ல. திங்கக்கெழமன்னா சுத்துப்பட்டு ஊரு ஜனமெல்லாம் அங்கதான இருக்கும், எல்லாரும் போனத் தூக்கிகினு படம் புடிக்கறாங்க. என் பின்னால ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி இன்னொருத்தி தோளத் தட்டி, "இது எங்கூரு சின்னக்கண்ணு பெத்தது இல்ல?"ன்னா. திரும்பிப் பாத்து மொறச்சன். அவ அதுக்கெல்லாம் அடங்கற ஆளா தெரியல. சாயங்காலத்துக்குள்ள வடக்கனந்தல் பூரா போயிடும்னு நெனச்சன்.

கேட்டுல போலீசு நிறுத்துச்சி. எல்லாரும் ஒண்ணா உள்ள போவ முடியாது, மனுவுல பேரு இருக்கறவங்க அஞ்சஞ்சு பேரா போங்கன்னாங்க. ஒரு போலீசம்மா மனுவ வாங்கி ஒவ்வொரு பேரா படிக்குது. அருள்மொழி பேரு வரல. ராதிகா மனுவப் புடுங்கிப் பாத்தாங்க. பேசப் போறவ பேரே இல்லன்னா எப்பிடிம்மான்னு போலீசம்மா கேக்குது. அதுவும் நல்லாதான் சொல்லுச்சி, தனியா ஒரு மனு கொண்டாந்தா உள்ள வுடறன்னுச்சி. ராதிகா இவளப் பாத்த பார்வ எனுக்கு இங்கிருந்தே தெரிஞ்சிது.

அருள்மொழி ஓடியாந்தா. தன்னோட பலகைக்கு முன்னாடி, மலை ஜனங்க குந்தியிருந்த வரிசைக்கு நடுவுல, மனு குடுக்க வந்தவங்க உக்கார்ற எடத்துல உக்காந்தா. மூச்சு வாங்குது.

"எழுதுக்கா. எனுக்கு ஒரு மனு எழுது."

நான் பேனாவ எடுத்தன். அனுப்புநர்னு போட்டன். அருள்மொழின்னு போட்டன். அதுக்கு அடுத்து அப்பா பேரு. நிமிந்து பாத்தன். அவ தலையக் குனிஞ்சிகினா.

அங்கதான் எனுக்கு வெளங்குச்சி. மரத்துக் கட்டும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தைலம்மாள் செத்தப்ப, ரெண்டு வருசம் முன்னால, இவ மாலையோட வடக்கனந்தலுக்குப் போனா. தெரு மொனையிலியே அப்பா நிறுத்திட்டாரு. அம்மா மூஞ்சியப் பாக்க வுடல. எம்பேர எங்கியும் சொல்லக் கூடாது, எந்தத் தாள்லயும் எழுதக் கூடாது, இந்த ஊரு உன் ஊரு இல்லன்னு எல்லாரு முன்னாலியும் சொல்லிட்டாரு. அன்னிக்கி சாயங்காலம் அந்த மாலைய என் கடையிலதான் கொண்டாந்து வச்சா. நடந்தது ராதிகா சொல்லித்தான் எனுக்குத் தெரிஞ்சிது. எத்தினியோ பேருக்கு அப்பா பேரும் ஊரு பேரும் எழுதினவ, தனக்கு எழுத வழியில்லாம இருந்திருக்கா.

மணி பதினொன்னே முக்கா. ராதிகா கேட்டுகிட்டருந்து கூப்புடறாங்க. பக்கத்துல ராஜாங்கம் எழுதறத நிறுத்திட்டு எங்களையே பாத்துகினு இருந்தாரு. ராதிகா பேரு போடட்டுமா, சின்னசேலம் வெலாசம் போடட்டுமான்னு நானே கேட்டன். ராதிகாதான் வளத்தவங்க, தப்பு ஒண்ணுமில்ல. அவ தலைய ஆட்டினா.

"சின்னக்கண்ணுன்னே போடுக்கா. வடக்கனந்தல்னே போடு. நான் பொறந்த பட்டியலக் கேக்கப் போறன். பொறந்த ஊர மறச்சிட்டு எப்பிடிக் கேக்கறது?"

எழுதினன். என் வாழ்க்கையில அப்பிடி எழுதினது இல்ல. கோணலும் மாணலுமா ஒரு பக்கம் போவுது. எழுதி முடிச்சி தாள நீட்டினன். அவ வாங்கல.

"படிச்சிக் காட்டுக்கா."

படிச்சன். "வடக்கனந்தல் காலனித் தெரு சின்னக்கண்ணு மகள் அருள்மொழி ஆகிய நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது." மகள்னு அவ சொல்லல, நானா எழுதினது. அந்த எடத்துல கண்ண மூடிகினா. குந்தியிருந்த மலை ஜனங்க எல்லாம் கேட்டுகினு இருந்துது. வுட்டது எதுனா இருக்குதான்னு அவ கேக்கற மாதிரியே கேட்டன். இல்லன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டா, ஓடினா.

ராஜாங்கம் சுபாஷக் கூப்ட்டு, எடம் காலி இல்லப்பா, மனு எழுதியாச்சின்னு சொன்னாரு. யாரு மனுன்னு அவன் ராங்கா கேட்டான். யாரு மனுவா இருந்தா இன்னா, அவளே எழுதல, கட்டுல ஒண்ணும் கொறையில்லன்னு சொல்லிட்டு, அவரு எழுத்துல மூழ்கிட்டாரு. நான் அந்த மரத்தடியிலியே ஓன்னு அழுதுட்டன்.

உள்ள நல்லாதான் பேசினாளாம். ராதிகா வெளிய வந்து அவளுக்கு நெட்டி முறிச்சாங்க. எடமும் நின்னுச்சி. ஆனா அன்னிக்கி பொழுதோட எனுக்கு வேற பயம் புடிச்சிகிச்சி. கலெக்டர்கிட்ட மனு குடுத்தா பதிலு தபால்ல வரும். எந்த வெலாசத்துக்கு வரும்? வடக்கனந்தல் காலனித் தெருவுக்கு. அந்த மனுசன் வூட்டு வாசலுக்கு. எந்தத் தாள்லயும் எழுதக் கூடாதுன்னு சொன்ன பேரு, என் கையெழுத்துல.

அவளுக்கும் அதே நெனப்புதான். வாய்வுட்டுப் பேசிக்கல. மஞ்சப்பையோட எந்தக் கெழவன் ரோட்டத் தாண்டினாலும் அவ பேனா நின்னு போவும். நான் கடையிலருந்து எட்டிப் பாப்பன். ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசமும் ஆச்சி. அவ எளச்சிப் போயிட்டா.

ஒரு வியாழக்கெழம. கூட்டம் இல்ல. கடை வாசல்ல ஒரு பெரியவரு வந்து நின்னாரு. கரும்பு வெட்டிட்டு நேரா வந்திருக்காரு போல, ஒடம்பெல்லாம் கரும்புச் சோகை எல கிழிச்ச கீறலு, தோள்ல சாக்குல சுத்தின வெட்டுக்கத்தி. கையில பழுப்புக் கவரு, பிரிக்காம இருந்துது. மூக்கப் பாத்ததுமே தெரிஞ்சி போச்சி, அருள்மொழி மூக்கு. என் கண்ணு அந்தச் சாக்கு மேலியே இருந்துது.

"நான்தான் எழுதினன். இன்னா இப்ப?"ன்னு கேட்டன். கேட்டதுக்கப்புறம்தான் பயந்தன்.

அவரு என்னிய ஒண்ணும் சொல்லல. எனுக்குப் படிக்கத் தெரியாது, இத்தப் படிக்கணும்னாரு. மரத்தடியக் காட்டினன். சாக்கக் கீழ வச்சிட்டுப் போங்கன்னன். வச்சிட்டுப் போனாரு.

நானும் பின்னாலியே போனன், சும்மா வுடுவனா? அருள்மொழி நிமிந்து பாத்தா, எழுந்துக்கப் போனா, அதுக்குள்ள அவரு பலகைக்கு முன்னாடி குந்தினாரு. அவ மூஞ்சியப் பாக்கல, கவர மட்டும் நவுத்தி வச்சாரு. அவ பிரிச்சா. பழக்கம் எங்க போவும், பேருலருந்து சத்தமாப் படிச்சா. அருள்மொழி, தகப்பனார் பேரு சின்னக்கண்ணுங்கறப்ப ஒரு தடவ அவர நிமிந்து பாத்தா. அப்பறம் மீதியையும் படிச்சா. மனு மேல்நடவடிக்கைக்காக மெட்ராசுல இருக்கற துறைக்கு அனுப்பியாச்சி, அவ்ளோதான் விசயம்.

"அப்பிடின்னா வேல கெடைக்குமா?"ன்னு கேட்டாரு.

"தெரியலப்பா. இன்னும் பல தடவ எழுதணும்."

அப்பான்னு அவ கூப்ட்டு எத்தினி வருசமாச்சோ. அவரு தரையப் பாத்துகினே, யாருகிட்டயோ சொல்ற மாதிரி சொன்னாரு. "தபால்காரரு தெருவுல நின்னு கூவினாரு. சின்னக்கண்ணு வூடு, அருள்மொழின்னு. எல்லாரும் பாத்தாங்க. இல்லன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தன். வரல."

ஏந்து துண்ட ஒதறினாரு. ரெண்டு அடி போயிட்டுத் திரும்பி நின்னாரு.

"அடுத்த கடுதாசி வந்தா வூட்டுல வெக்கறன். நீ வந்து வாங்கிக்க. ஒவ்வொரு தடவையும் என்னால பஸ்ஸு ஏற முடியாது."

இட ஒதுக்கீடு இன்னும் வரல. அருள்மொழி அதுக்கப்புறம் மூணு மனு குடுத்துட்டா. மூணும் என் கையெழுத்துதான், எல்லாம் அதே வெலாசத்துக்கு. பதிலு வந்திருக்குமா, வந்திருந்தா யாரு சொல்லுவாங்கன்னு தெனம் எங்கிட்ட கேக்கறா. போயி பாத்துட்டு வாடின்னா, பயமா இருக்குதுக்காங்கறா. வர ஞாயித்துக்கெழம நானும் கூட வரன்னு சொல்லியிருக்கறன்.